முந்தின நாள் மாலையையும் கொடுங்கள்

மார்கழி இசை விழா நடத்தும் சென்னை சபாக்களின் செயலாளர்களுக்கும் நிகழ்ச்சிக் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். மயிலாப்பூரில் இரண்டு சபாக்களில் நெடுநாளாக உறுப்பினனாக இருக்கிறேன். மார்கழியில் பிற்பகல் கச்சேரி தொடங்கி இரவு மங்களம் வரை நாற்காலியை விட்டு எழாதவர்களில் நானும் ஒருவன். இடையில் எழுந்தால் அது கான்டீனுக்காக மட்டுமே. கர்நாடக இசைக் கலைஞர்களும் ஜாஸ் கலைஞர்களும் மேற்கத்திய நரம்பிசைக் கலைஞர்களும் சேர்ந்து வாசிக்கும் ஒரு சிறு குழுவுக்குத் தம்பூரா போடுவது, சுரத்தாள்களை அடுக்குவது, ஒத்திகைக்கு இடம் தேடுவது போன்ற பணிகளையும் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். மேடைக்கு முன்னாலும் பின்னாலும் இருந்து பார்த்தவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். அடுத்த விழாவுக்கான பட்டியலைத் தாங்கள் போடத் தொடங்கும் முன் இது தங்கள் கைக்கு வரவேண்டும் என்று விரும்பினேன்.

இத்தகைய குழுக்களைப் பற்றித் தாங்கள் சொல்லும் குறைகளை நான் அறிவேன். அவற்றில் பெரும்பகுதி உண்மை என்றும் ஒப்புக்கொள்கிறேன். ஃப்யூஷன் என்ற பெயரில் மேடையேறுவது பல வேளைகளில் ஹம்சத்வனியிலோ கீரவாணியிலோ ஒரு மெட்டு, அதற்கு மேல் ஆளுக்கொரு சுற்று ஆவேச வாசிப்பு, கடைசியில் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து ஓடும் ஒரு கோர்வை (தாளக் கணக்கு முடிப்பு), அதற்கு ஒரு பெரிய கைதட்டல் என்ற அளவில் முடிந்துவிடுகிறது. ராகமும் நிற்பதில்லை, ஜாஸின் சுதந்திரமும் இருப்பதில்லை, வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவை வாசிப்பவர் என்ன செய்தார் என்பது அவருடைய வீட்டாருக்குக்கூடத் தெரிவதில்லை. இதைக் கேட்டுவிட்டு, "இதற்கா ஒரு மாலையை ஒதுக்குவது" என்று தாங்கள் கேட்டால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த இசை அப்படி அமைவதற்குக் கலைஞர்களின் ரசனையைவிட, நாம் அவர்களுக்குக் கொடுக்கும் மேடையின் நிபந்தனைகளே பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன். அதை விளக்கி, மாற்றக்கூடிய சிலவற்றை மாற்றும்படியும், முக்கியமாக ஒத்திகைக்குக் கச்சேரியின் முந்தின நாள் மாலை அரங்கைக் கொடுக்கும்படியும் கேட்கவே இம்மடல்.

நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சபா எங்கள் குழுவை அழைத்தது. எந்தச் சபா என்பது இங்கே தேவையில்லை. எந்தச் சபாவிலும் நடந்திருக்கக் கூடியதுதான். பாட்டு, மிருதங்கம், இரண்டு வயலின், வயோலா, செல்லோ (தரையில் ஊன்றி வாசிக்கும் பெரிய வயலின் போன்றது), சாக்ஸஃபோன், டபுள் பேஸ் என்று மேடையில் எட்டுப் பேர். சகானா ராகத்தில் ஒரு கிருதியை நரம்புக் கருவிகளுக்கு விரித்து எழுதி, நடுவில் சாக்ஸஃபோனுக்கு இடம் விட்டு, நான்கு மாதம் பழகியிருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்த நேரம் ஐம்பது நிமிடம். முன் கச்சேரி முடிந்து திரை விழுந்ததும் சவுண்ட் செக்குக்குப் பத்து நிமிடம். மைக்காரர் நல்ல மனிதர். ஆனால் மெல்லிசைக் குழுவுக்கு வைப்பதைப் போல ஆளுக்கொரு மைக்கை வைத்து எல்லாவற்றையும் ஏற்றிவிட்டார். செல்லோ ஊளையிட்டது. பாடகிக்குத் தன் குரலும் கேட்கவில்லை, தம்பூராவும் கேட்கவில்லை. சகானாவின் காந்தாரம் (க என்ற சுரம்) அந்த ராகத்துக்கே உரிய சுரச்சேர்க்கைகளான பிடிகளுக்குள்தான் உயிர் வாழ்வது. ஆதார சுருதி காதில் விழாமல் அதை எப்படிப் பாடுவது? மேடையிலேயே கண்ணால் பேசிக்கொண்டு சகானாவைக் கைவிட்டு ஹம்சத்வனியை எடுத்தார்கள். கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. முடிந்ததும் பொறுப்பாளர் ஒருவர் பின்புறம் வந்து, "ரொம்ப நன்னா இருந்தது, அடுத்த தடவை ஒரு சினிமாப் பாட்டும் சேர்த்துக்கோங்கோ" என்றார். அவரிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இந்த மடலை அந்தப் பதிலாகவும் கொள்ளலாம்.

ஏன் எப்போதும் ஹம்சத்வனி? இதற்குக் கணக்கில் ஒரு விடை இருக்கிறது. மேற்கத்திய இசையில், ஏழு சுர வரிசையில் ஒரு சுரத்திலிருந்து தொடங்கி ஒன்று விட்டு ஒன்றாக மூன்று சுரங்களை ஒருசேர ஒலிக்கச் செய்வதே கார்டு. ஹம்சத்வனியின் ஸ, ரி, க, ப, நி என்ற ஐந்து சுரங்களுக்குள் ஸ-க-ப, க-ப-நி, ப-நி-ரி என்று மூன்று கார்டுகள் அன்னிய சுரம் எதுவும் இல்லாமல் கிடைக்கின்றன. முதலாவது வீடு, கடைசியானது வீட்டுக்குத் திரும்பச் சொல்லி இழுக்கும் கார்டு. மேற்கத்திய ஹார்மனிக்கு வேண்டிய அடிப்படை இந்த இரண்டிலேயே அடங்கிவிடுகிறது. மோகனத்துக்கு வாருங்கள்: ஸ-க-ப, த-ஸ-க என்று இரண்டே கார்டுகள், திரும்ப இழுக்கும் கார்டு வேண்டுமென்றால் நிஷாதம் (நி) வேண்டும், நிஷாதம் வந்தால் அது மோகனமாக இருக்காது. கீரவாணியோ மேற்கத்திய இசை மாணவர் சிறு வயதிலேயே பழகும் ஹார்மானிக் மைனர் ஸ்கேலின் சுரங்களையே கொண்டது. ஆகவே ஒத்திகைக்கு நேரம் இல்லாதபோது, சுரத்தை அசைத்து இழைக்கும் கமகம் குறைவாகவும் கார்டு எளிதாகவும் அமையும் ராகங்களுக்குக் கை தானாகப் போகிறது. இரண்டு பெரிய பெயர்களைக் காலை விமானத்தில் வரவழைத்து மாலையில் ஒன்றாக உட்கார வைத்தால், அவர்கள் எவ்வளவு பெரிய வித்வான்களாக இருந்தாலும் ஹம்சத்வனிதான் வரும். கலைஞர்களின் சோம்பல் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் அவர்களின் முன்னெச்சரிக்கை.

நேரம் கொடுத்தால் என்ன நடக்கும்? மோகனத்தையே எடுத்துக்கொள்வோம். பாடகர் மோகனம் பாடிக்கொண்டிருக்க, செல்லோ கீழே ஷட்ஜத்தை (ஸ) விட்டுக் காந்தாரத்துக்கு நகர்ந்து அதையே நீட்டிப் பிடித்தால், கேட்பவர் காதில் அதே சுரங்கள் ஹிந்தோளமாக மாறத் தொடங்கும். தைவதத்துக்கு (த) போனால் சுத்த தன்யாசியின் நிழல் விழும். கிரகபேதம் என்ற பெயரில் நம் வித்வான்கள் குரலில் செய்து காட்டி நாம் வியப்பதும், மேற்கத்திய இசையமைப்பாளர் கீழ்க் குரலை நகர்த்தி அன்றாடம் செய்வதும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. ஆனால் தம்பூரா அங்கே தொடர்ந்து ஷட்ஜத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். தம்பூராவை அந்த இடத்தில் நிறுத்துவதா, மெல்ல ஒலிக்க விடுவதா, இரண்டு ஆதாரங்களும் மோதுவதையே அழகாக்குவதா என்பதைப் பேசியும் வாசித்துப் பார்த்தும் மட்டுமே முடிவு செய்ய இயலும். இந்த ஒரு கேள்விக்கு எங்கள் குழு மூன்று வாரம் செலவிட்டது. கார்டுகளால் மோகனத்தைச் சூழ்வதை விட்டுவிட்டு, ஒவ்வொரு நரம்புக் கருவியும் மோகனத்துக்குள்ளேயே தனித்தனி அடியாக நடந்து போகும்படி எழுதியபோதுதான் அது மோகனமாகவும் இருந்தது, ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டாகவும் (இரண்டு வயலின், வயோலா, செல்லோ என்ற நால்வர் இசை) இருந்தது.

சுருதியில் இன்னொரு செய்தி உண்டு. ரசிகர்கள் இதைக் கேட்டால் மகிழ்வார்கள். நன்றாகச் சேர்ந்த தம்பூராவிலிருந்து அந்தர காந்தாரம் தானாகக் கேட்கும் என்பது நமக்குப் பழக்கமான அனுபவம். ஷட்ஜத் தந்தியின் ஒலிக்குள்ளேயே சேர்ந்து ஒலிக்கும் ஐந்தாவது இசையத்திலிருந்து அது பிறக்கிறது. பியானோவின் காந்தாரம் அதைவிட ஓர் அரைச்சுரத்தின் ஏழில் ஒரு பங்கு உயரமாக இருக்கும். பியானோ மாறாது. ஆனால் வயலின், வயோலா, செல்லோ வாசிக்கும் நல்ல குவார்ட்டெட் ஸ-க-ப சேர்த்துப் பிடிக்கும்போது காதைக் கேட்டு அந்தக் காந்தாரத்தைச் சற்று இறக்கிக்கொள்ளும். அதாவது தம்பூராவுக்கு உண்மையான உறவு கீபோர்டு அல்ல, குவார்ட்டெட்தான். ஃப்யூஷன் மேடைகளில் முதலில் வந்து நிற்பது கீபோர்டு என்பது நம் துரதிர்ஷ்டம்.

தாளத்தில் உடன்பாடு எளிது என்று தோன்றும். அங்கும் வேலை இருக்கிறது. ஜாஸில் மிகவும் புழங்கும் ப்ளூஸ் அமைப்பு பன்னிரண்டு பார் (தாளக் கூறு) கொண்டது, பாருக்கு நான்கு அடி, மொத்தம் நாற்பத்தெட்டு. எட்டு அடி கொண்ட ஆதி தாளத்தில் அது சரியாக ஆறு ஆவர்த்தனம் (தாளச் சுற்று). முப்பத்திரண்டு பார் அமைப்பு என்றால் பதினாறு ஆவர்த்தனம். முன்வரிசையில் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நம் மாமாக்களிடம் இதை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிட்டால், சாக்ஸஃபோன் எங்கே போய் எங்கே திரும்புகிறது என்பதை ஜாஸ் ரசிகரைவிட அவர்கள் துல்லியமாகப் பிடித்துவிடுவார்கள். மறுபக்கத்தில், நான்கு அடிக்குள் பதினாறு மாத்திரையில் முதல் மாத்திரையை விட்டுவிட்டு ஐந்து மாத்திரை கொண்ட ததிங்கிணதோம் மூன்று முறை வைத்தால் சமத்தில் (சுற்றின் தொடக்கத்தில்) வந்து விழும் என்பது மிருதங்கக்காரருக்குப் பால பாடம். செல்லோ வாசிப்பவர் அதை எண்ணி எண்ணித் தடுமாறினார். வாயால் சொல்லிப் பழகிய மறுநாள் சரியாகப் பிடித்தார். நடையைப் பொறுத்தவரை, ஜாஸின் ஸ்விங் என்ற சாய்வு நடை, அடிக்கு மூன்றாகப் பிரியும் திஸ்ர நடையும் அல்ல, நான்காகப் பிரியும் சதுஸ்ர நடையும் அல்ல, இடையில் எங்கோ சாய்ந்து நிற்பது. அதைத் தாளில் எழுத முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து உடம்பில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

கருவிகளுக்கும் பிடிவாதங்கள் உண்டு. மிருதங்கம் ஒரு சுருதிக்குச் சேர்ந்தது. கடம் ஒரு சுருதிக்குச் சுட்டெடுத்தது. ஜாஸ் உருப்படி நடுவில் வேறு சுருதிக்குத் தாவினால் மிருதங்கம் தாவாது. இன்னொரு மிருதங்கம் தயாராக இருக்க வேண்டும் அல்லது அந்த இடத்தில் அது மௌனமாக இருக்கும்படி எழுத வேண்டும். நம் வயலின் ஸ-ப-ஸ-ப என்று சேர்ந்திருக்கிறது, அவர்கள் வயலின் நான்கு தந்திகளும் பஞ்சம இடைவெளியில் சேர்ந்திருக்கிறது. பார்ப்பதற்கு ஒரே கருவி, உள்ளே வேறு உலகம். இவ்வளவையும் பத்து நிமிட சவுண்ட் செக்கில் தீர்த்துக்கொள்ளச் சொல்வது எந்த வகையில் முறை?

இந்த வகை இசையின் மிகப் புகழ்பெற்ற குழு எப்படி உருவாயிற்று என்பதை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். ஜான் மெக்லாக்லின் 1970களின் தொடக்கத்தில் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற குழுவில் உலகின் மிக உரத்த மின் கிட்டார்க்காரர்களில் ஒருவராக இருந்தவர். அவர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதன் அவர்களிடம் வீணை கற்றார். அதன் பிறகு வயலின் கலைஞர் எல். சங்கர், தபலா கலைஞர் ஜாகிர் ஹுசைன், நம் கட வித்வான் விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் அவர் அமைத்த சக்தி குழுவில் மின் கிட்டாரும் இல்லை, டிரம்ஸும் இல்லை. மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மரக் கிட்டாரில் வாசித்தார். கமகம் பிடிக்க வசதியாகக் கிட்டாரின் கழுத்தில் உள்ள மெட்டுக் கம்பிகளுக்கு இடையே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கச் செய்தார். குறுக்கே, மற்றத் தந்திகளோடு தாமாக அதிரும் ஏழு அனுதந்திகளையும் கட்டச் செய்தார். 1975 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் அவர்கள் வாசித்ததே முதல் இசைத்தட்டாக 1976இல் வந்தது; அதில் ராம்நாட் ராகவன் மிருதங்கமும் உண்டு. ஃப்யூஷன் என்றால் சத்தம் என்று நம்மிடையே ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறதே, அதற்கு முன்னோடியாகக் காட்டப்படும் குழுவோ சத்தத்தைத் துறந்த குழு. பின்னாளில் அதே குழு மாண்டலின் ஸ்ரீநிவாஸ், செல்வகணேஷ், சங்கர் மகாதேவன் என்று விரிந்தது. ஸ்ரீநிவாஸ் 2014இல் நாற்பத்தைந்து வயதில் போய்விட்ட பிறகும் மீண்டும் கூடி, 2023இல் ஒரு புதிய இசைத்தட்டை வெளியிட்டு 2024இல் கிராமி விருதும் பெற்றது. அன்றே ஜாகிர் ஹுசைன் வேறு இரண்டு விருதுகளையும் பெற்றார். அவை பேஞ்ஜோ, டபுள் பேஸ், புல்லாங்குழல், தபலா என்ற நான்கே கருவிகள் கொண்ட குழுவுக்கு. அவ்வாண்டு டிசம்பரில் அவரும் மறைந்தார். அந்த நால்வர் குழுவின் ஒலிப்பதிவைக் கேட்டால், எட்டு ஸ்பீக்கர் இல்லாமல் என்ன செய்ய முடியும் என்பது விளங்கும்.

இன்னும் பின்னே போனால், சிதார் கலைஞர் ரவிசங்கரும் மேற்கத்திய வயலின் கலைஞர் யெஹுதி மெனுஹினும் சேர்ந்து வாசித்து 1967இல் வெளிவந்த இசைத்தட்டுக்குக் கிராமி விருது கிடைத்தது சேம்பர் இசைப் பிரிவில். பெயரிட்டவர்கள் சரியாகத்தான் பெயரிட்டார்கள். சிற்றரங்கில், ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டு வாசிக்கும் இசை அது. அதே காலத்தில் லண்டனில், கல்கத்தாவில் பிறந்து மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராக்களில் வயலின் வாசித்துவந்த ஜான் மேயர், ஜமைக்காவில் பிறந்த சாக்ஸஃபோன் கலைஞர் ஜோ ஹாரியட்டுடன் சேர்ந்து இந்தோ-ஜாஸ் ஃப்யூஷன்ஸ் என்ற பெயரில் பத்துப் பேர் குழுவை நடத்தினார். ஐந்து பேர் ஜாஸ், ஐந்து பேர் மேயரின் பக்கம்; எந்த இடம் எழுதியது, எந்த இடம் கற்பனை என்பதை வகுத்து எழுதினார். நாம் இன்று அலட்சியமாகச் சொல்லும் ஃப்யூஷன் என்ற சொல் அந்தப் பெயரில் நிற்கும்போது எவ்வளவு எழுத்துவேலை அதன் பின்னால் இருந்தது! ஜாஸ் பக்கத்திலிருந்தும் தேடல் இருந்தது. அமெரிக்க சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1961இல் கார்டுகளைக் குறைத்து ஒரே ஆதாரத்தின் மேல் நீண்ட கற்பனைகளை வாசித்ததும், ரவிசங்கரை நினைத்துத் தம் மகனுக்கு ரவி என்று பெயர் வைத்ததும் எல்லாரும் அறிந்தவை. கார்டுகள் வேகமாக மாறும் ஜாஸ் நம் ராகத்தோடு சண்டை போடும். அவர் வாசித்த ஜாஸ் இடம் விட்டு உட்காரும்.

தாங்கள் மரபைப் பற்றிக் கவலைப்படுவது எனக்குப் புரிகிறது. அதைக் கேலி செய்பவன் அல்ல நான். சகானாவை சாக்ஸஃபோன் கெடுத்துவிடுமோ என்ற அச்சம் எனக்கும் இருந்தது. ஆனால் சகானாவைப் பாட அமரும் எந்த வித்வானுக்கும் பக்கத்தில் இருப்பது வயலின்தானே. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் கற்று அதை நம் பக்கவாத்தியமாக்கினார். அண்ணனோ ஆங்கிலேயர் பேண்டு வாசித்த மெட்டுகளுக்கு சங்கராபரணத்தில் சமஸ்கிருத சாகித்யம் செய்தார்; அவற்றில் ஒன்று இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டு. நொட்டுசுரம் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம், கச்சேரிக் கடைசியில் பாடவும் செய்கிறோம். கிளாரினெட்டை ஏ.கே.சி. நடராஜனும், சாக்ஸஃபோனைக் கத்ரி கோபால்நாத்தும் இதே மேடைகளில்தான் நிலைநாட்டினார்கள். அந்தக் கத்ரி அவர்கள் அமெரிக்க ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவுடன் சேர்ந்து 2008இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். நம் ஏ. கன்யாகுமரி அவர்கள் வயலின், பூவலூர் ஸ்ரீஜி மிருதங்கம், ரெஸ் அப்பாசி ஜாஸ் கிட்டார். இரண்டு சாக்ஸஃபோன்கள், ஒன்று கமகத்தில் பேசுகிறது, மற்றொன்று ஜாஸ் மொழியில் பதில் சொல்கிறது. யாரும் யாராகவும் வேடம் போடவில்லை. அதை மேற்கோள் காட்டுவதற்குக் காரணம், அதில் பங்குபெற்ற கத்ரியும் கன்யாகுமரியும் தங்கள் சபாக்களில் முதல் வரிசைக் கலைஞர்களாக விளங்கியவர்கள் என்பதே.

இந்த ஊருக்கு மேலும் ஒரு தனிச் செல்வம் உண்டு; அது வேகமாகக் கரைந்து வருகிறது. பல பத்தாண்டுகளாகத் திரையிசை ஒலிப்பதிவுக் கூடங்கள் சென்னையில் வயலின், வயோலா, செல்லோ வாசிப்பவர்களின் ஒரு பெரும் கூட்டத்தை வளர்த்தன. தாளைப் பார்த்த கணத்தில் வாசிப்பார்கள், அதே வேளையில் ராகத்தின் நாடியும் அறிந்திருப்பார்கள். இப்படிப்பட்ட இரட்டைப் பயிற்சி உலகின் வேறு நகரங்களில் எளிதில் கிடைக்காது. அவர்களிலிருந்து வந்த வி.எஸ். நரசிம்மன் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டை அமைத்துத் தியாகராஜர் முதலியோரின் கிருதிகளை நான்கு நரம்புக் கருவிகளுக்கு எழுதினார். கிருதியின் வழி மாறாமல், சுற்றிலும் மூன்று குரல்கள் தழுவிச் செல்லும். கணினி ஒலிகள் வந்தபின் அந்த ஒலிப்பதிவு வேலைகள் குறைந்துவிட்டன. அந்தக் கலைஞர்களில் பலர் இன்று பள்ளிகளில் வகுப்பு எடுக்கிறார்கள், திருமண வரவேற்புகளில் வாசிக்கிறார்கள். சபாக்கள் நினைத்தால் அவர்களுக்கு ஒரு மேடை உண்டு. நினைக்காவிட்டால் இன்னும் சில ஆண்டுகளில் வயோலாவுக்கு வெளிநாட்டிலிருந்துதான் ஆள் வரவழைக்க வேண்டியிருக்கும்.

இனி என் வேண்டுகோள்.

பெரிய அரங்கு வேண்டாம். மும்பையின் டாடா தியேட்டர் போல மைக் இல்லாமல் இசை கேட்பதற்கென்றே 1980இல் கட்டப்பட்ட அரங்கு நமக்கு இல்லைதான். ஆனால் ராகசுதா போன்ற சிற்றரங்குகள் மயிலாப்பூரில் இருக்கின்றன, எழும்பூர் அருங்காட்சியக அரங்கம் 1896இலிருந்து நிற்கிறது. அதில் செல்லோவை மைக் இல்லாமலே கடைசி வரிசையில் கேட்டிருக்கிறேன். இருநூறு பேர் உட்காரும் இடத்தில், பாட்டுக்கும் தம்பூராவுக்கும் மட்டும் மெல்லிய ஒலிபெருக்கி வைத்தால் போதும். ஆயிரம் நாற்காலியை நிரப்புவதற்காகவே இந்தக் குழுக்களை அழைக்கும் வழக்கத்தை விட்டால், சினிமாப் பாட்டு வேண்டும் என்ற நெருக்கடியும் தானாக விலகும். புத்தாண்டு இரவு என்ற ஒதுக்கிடத்திலிருந்து அவர்களை எடுத்து, விழாவின் நடுவில் ஒரு வாரநாள் மாலை ஆறு மணிக்கு, இரண்டரை மணி நேரம், மற்ற கச்சேரிகளைப் போலவே வையுங்கள். கூட்டம் குறைவாக இருக்கும் என்பது உண்மை. பிற்பகல் கச்சேரிகளை முப்பது பேருக்காக நடத்தும் சபாக்களுக்கு அது புதிய துணிச்சல் அல்ல.

அதைவிட முக்கியமானது தலைப்பில் சொன்னது: முந்தின நாள் மாலையில் அதே அரங்கு மூன்று மணி நேரம். விழாக் காலத்தில் இது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். காலையிலிருந்து இரவு வரை ஒரு நிமிடம் வெறுமையாக இல்லாத அரங்குகளைப் பற்றிப் பேசுகிறேன் என்பதும் தெரியும். ஒரு நாள் மாலைக் கச்சேரியைக் குறைத்தால்தான் இது முடியும். அப்படிக் குறைக்கச் சொல்லித்தான் கேட்கிறேன். ஒத்திகைக்கும் ஒரு சிறு சன்மானம் வேண்டும். கச்சேரி சன்மானத்தில் நாலில் ஒரு பங்கு இருந்தால்கூட, வயோலாக்காரர் வேறொரு நிகழ்ச்சிக்கு ஓடாமல் உட்கார்ந்து பழகுவார். இப்போது ஒத்திகைச் செலவு முழுவதும் கலைஞர்கள் பையிலிருந்து போகிறது. புதிய உருப்படி ஒன்றைச் சபாவே கேட்டு எழுதச் செய்து, எழுதியவர் பெயரை அழைப்பிதழில் போடுவது அடுத்த படி. பல்லவி பாடுபவர் பெயரைப் போடும் நாம், அந்தப் பல்லவிக்கு நான்கு குரல் எழுதியவர் பெயரை ஏன் விட்டுவிடுகிறோம்?

ரசிகர்களுக்கு ஒரு தாளும் கொடுக்க வேண்டும். ராகத்தை அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த மகிழ்ச்சியை அவர்களிடமிருந்து பறிக்க வேண்டாம். ஆனால் குவார்ட்டெட் வாசிப்பது முழுவதும் எழுதியதா, சாக்ஸஃபோனின் கற்பனை எத்தனை ஆவர்த்தனச் சுற்றுக்குள் நடக்கிறது, மிருதங்கம் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின்போது டபுள் பேஸ் ஏன் மௌனமாக இருக்கிறது என்பவற்றை ஒரு பக்கத்தில் சொல்லிவிட்டால், சபையோர் எந்த இடத்தில் தலையாட்டுவது என்று தெரியாமல் திண்டாட மாட்டார்கள். எல்லா உருப்படியின் முடிவிலும் ஓட்டமாக ஒரு கோர்வை வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் கலைஞர்களுக்குக் குறையும். விளம்பரத்திலும் ஃப்யூஷன் என்று ஒற்றைச் சொல்லில் போட்டு முடிக்காமல், யார் யார், என்ன கருவி, யார் எழுதியது என்று மூன்று வரி போட்டால் வரவேண்டியவர்கள் வருவார்கள்.

இவ்வளவு செய்தும் கச்சேரி நன்றாக அமையாமல் போகலாம். நான்கு மாதம் பழகிய சகானா அன்றைக்கு உட்காராமல் போகலாம். அப்போது கடுமையாக விமர்சியுங்கள், நானே முதல் கடிதம் எழுதுகிறேன். இன்று விமர்சிக்கவே வழியில்லை; பத்து நிமிடத்தில் கூட்டிய ஒன்றை எந்த அளவுகோலால் அளப்பது?

எங்கள் குழுவையே அழைக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. அதனால்தான் குழுவின் பெயரையும் என் பெயரையும் குறிப்பிடவில்லை. எந்தக் குழுவை அழைத்தாலும் சில சிறு ஏற்பாடுகள் தேவைப்படும். செல்லோ வாசிப்பவருக்குக் கைப்பிடி இல்லாத நாற்காலி வேண்டும். சபா நாற்காலிகள் அனைத்துக்கும் கைப்பிடி இருக்கிறது. செல்லோவின் கீழ்முனைக் கம்பி ஜமக்காளத்தில் வழுக்கும், விரிப்பிலும் ஓட்டை போடும். அதன் கீழே வைக்க ஒரு முழ நீளப் பலகை போதும், கான்டீனில் கேட்டால் கொடுப்பார்கள். சுரத்தாள் வைக்கும் தாங்கிகள் நான்கு, அவற்றின் மேல் விழும் சிறு விளக்குகள் நான்கு. மேடை மின்விசிறியைக் கச்சேரி தொடங்கும் முன் நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் தாள் பறக்கும். தம்பூரா சேர்க்க ஆள் இல்லையென்றால், முந்தின நாள் மாலை ஐந்து மணிக்கே வந்து நான் சேர்த்துத் தருகிறேன்.

தங்கள் நலம் விரும்பும்,
சபா உறுப்பினன் ஒருவன்
மயிலாப்பூர், சென்னை